பேஸ்மென்ட் படிக்கட்டு 35 இஞ்ச்தான் வருகிறது, இன்ஸ்பெக்டர் 36 கேட்கிறார். என்ன செய்யலாம்?

வடவர்ஜீனியா வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அளவுகளைச் சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

எங்கள் வீடு 1952-ல் கட்டியது. கேப் காட் வகை, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. பேஸ்மென்டுக்கு இறங்கும் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தது, கைப்பிடியே கிடையாது. போன முறை அம்மா வந்திருந்தபோது துணிக்கூடையோடு ஏறுகையில் கால் தவறி மூன்று படி சரிந்துவிட்டார். கணுக்கால் வீக்கத்தோடு போயிற்று, ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த மே மாதம் அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்கு வருகிறார்கள். அதற்குள் படிக்கட்டை முழுதாகப் பிரித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று பெர்மிட் எடுத்து வேலையை ஆரம்பித்தோம்.

பிரச்சினை இதுதான். படிக்கட்டின் ஒரு பக்கம் கான்கிரீட் அஸ்திவாரச் சுவர், அதற்கு முன்னால் இரண்டுக்கு நாலு கட்டையில் ஒரு ஸ்டட் சுவர், அதாவது வரிசையாக நிறுத்திய மரக்கட்டைகளால் (ஸ்டட்) ஆன சட்டச்சுவர். கழிவு நீர்க்குழாயும் வயரிங்கும் அதற்குள்தான் ஓடுகின்றன. இன்னொரு பக்கம் துணி துவைக்கும் அறையைப் பிரிக்கும் சுவர். கான்ட்ராக்டர் ஸ்டட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே சரியாக 36 இஞ்ச் விட்டிருக்கிறார். ஃப்ரேமிங் (மரச்சட்ட வேலை) பார்க்க வந்த கட்டட இன்ஸ்பெக்டர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, ட்ரைவால் (கட்டைகளை மூடும் ஜிப்சம் பலகை) போட்டபின் இது 35 ஆகிவிடும், 36 வேண்டும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். "வரைபடத்தில் 36 என்றுதானே இருக்கிறது, நான் 36 விட்டிருக்கிறேன்" என்கிறார் கான்ட்ராக்டர்.

துவைக்கும் அறைப் பக்கம் சுவரை ஒரு இஞ்ச் தள்ளலாம் என்றால், எதிர்ச்சுவரில் மின்சாரப் பேனல் இருக்கிறது. அதற்கு முன்னால் 36 இஞ்ச் காலியாக இருக்க வேண்டுமாம். இப்போது ஸ்டட் வரைக்கும் 36½ இருக்கிறது, அந்தப் பக்கமும் ட்ரைவால் வந்தால் சரியாக 36. அரை இஞ்ச் கூட நகர்த்த வழியில்லை.

இன்னொன்றும் கேட்கணும். மேல்மாடிக்குப் போகும் பழைய படிக்கட்டு இரண்டு பிளாஸ்டர் சுவர்களுக்கு நடுவே 33 இஞ்ச்தான். அதையும் அகலமாக்கச் சொல்வார்களா?

கரிசல் எழுதியது:

சகோ, ஒரு இஞ்சுக்காகவா இவ்வளவு கவலை? பெர்மிட்டே எடுத்திருக்கக் கூடாது. என் நண்பர்கள் நாலைந்து பேர் பேஸ்மென்ட் முடித்தார்கள், ஒருவரும் யாரையும் கூப்பிடவில்லை. உங்கள் வீட்டுக்குள் உங்கள் படி. மெல்லிய பலகை எதையாவது அடித்து முடித்துவிடுங்கள்.

தச்சன்மகன் எழுதியது:

கரிசல் சொல்வதைக் கேட்காதீர்கள் சார். பெர்மிட் திறந்தாகிவிட்டது, இன்ஸ்பெக்டர் எழுதியும் வைத்துவிட்டார். அதை மூடாமல் விட்டால் வீட்டை விற்கும்போது வந்து நிற்கும்.

நான் பென்சில்வேனியாவில் 20 வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன், அப்பாவும் தச்சர். முதலில் உங்கள் கான்ட்ராக்டருக்கு எங்கே தவறியது என்று சொல்கிறேன். விதியில் இருக்கும் 36 இஞ்ச் என்பது கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் தூரம் இல்லை. ட்ரைவால் போட்டு, பெயின்ட் அடித்து, ஒரு ஆள் அதில் நடக்கும்போது மிச்சமிருக்கும் வெற்றிடம். அரை இஞ்ச் ட்ரைவால் இரண்டு பக்கமும் போனால் ஒரு இஞ்ச் போச்சு. அதனால் நாங்கள் ஸ்டட்டுக்கு ஸ்டட் 37½ விடுவோம். 37 விட்டால் போதுமே என்று கணக்குச் சொல்லும், ஆனால் மரம் நேராக இருக்காது. ஒரு ஸ்டட் கால் இஞ்ச் வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் டேப் 35¾ காட்டும். விதியில் "எல்லா இடத்திலும்" என்று இருக்கிறது, சராசரி பார்ப்பதில்லை.

இனி நிறையப் பேர் முழுசாகப் படிக்காத பகுதி. இங்கே பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் ஐ.ஆர்.சி. என்ற குடியிருப்பு விதித்தொகுப்பில் படிக்கட்டு அகலம் ஒரே எண் கிடையாது. கைப்பிடி வைக்க அனுமதித்த உயரத்துக்கு மேலே, தலை இடிக்காமல் இருக்க வேண்டிய உயரம் வரைக்கும் 36 இஞ்ச் வேண்டும். கைப்பிடி உயரத்திலும் அதற்குக் கீழேயும் அவ்வளவு தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி இருந்தால் 31½, இரண்டு பக்கமும் இருந்தால் 27. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் புரிந்துவிடும்: ஒரு கைப்பிடி சுவரிலிருந்து 4½ இஞ்சுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 36-ல் ஒரு 4½ கழித்தால் 31½, இன்னொரு 4½ கழித்தால் 27.

ஆகவே உங்கள் படிப்பலகை 35 இஞ்ச் நீளம் இருப்பது தப்பே இல்லை. படிகளைத் தாங்கும் சாய்வுக்கட்டையான ஸ்ட்ரிங்கரை ஒட்டி சுவரோரமாக அடிக்கும் முக்கால் இஞ்ச் பலகையும் கணக்கில் இடிக்காது, அது கீழே இருக்கிறது. நெஞ்சு உயரத்திலும் தோள் உயரத்திலும் இருக்கும் சுவர்தான் உங்கள் பிரச்சினை. இதை மனதில் வைத்துக்கொண்டு யோசியுங்கள், படிக்கட்டைத் தொடாமலே வழி கிடைக்கும்.

வடவர்ஜீனியா வாசி எழுதியது:

மிக்க நன்றி. //கைப்பிடி உயரத்துக்கு மேலே// இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. கைப்பிடி உயரம் என்றால் எங்கிருந்து அளப்பது, தரையிலிருந்தா, படியிலிருந்தா?

தச்சன்மகன் எழுதியது:

படியின் மூக்கு நுனியிலிருந்து நேர் மேலே. எல்லாப் படிகளின் நுனியையும் தொட்டுக்கொண்டு ஒரு சாய்கோடு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டிலிருந்து 34-க்கும் 38-க்கும் நடுவே கைப்பிடி ஓட வேண்டும், மேல் படியிலிருந்து கீழ் படி வரைக்கும் அறுபடாமல்.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

அண்ணை, நான் டொரொன்டோவில் பேஸ்மென்டைத் திருத்தி வாடகைக்கு விட்டிருக்கிறன். எங்களுக்கு 860 மில்லிமீட்டர்தான் கேட்டவை, அது கிட்டத்தட்ட 34 இஞ்ச். 35 இருந்தால் தாராளமாகப் பாஸ் பண்ணியிருப்பினம். நீங்கள் இன்ஸ்பெக்டரோடு கதைத்துப் பாருங்கோ, அவர் பிழையாகச் சொல்லவும் கூடும்.

தச்சன்மகன் எழுதியது:

தம்பி, 860 உங்கள் ஒன்ராறியோ விதி, வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டுக்கு அது சரி. எல்லை தாண்டினால் செல்லாது. வர்ஜீனியாவில் ஊருக்கு ஊர் மாறுவதும் இல்லை, 1973-லிருந்து மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி. இன்ஸ்பெக்டர் சொன்ன 36 சரியானதுதான்.

நெல்லைப்பொண்ணு எழுதியது:

நான் பொறியாளர் இல்லை. "ஒரு இஞ்சுக்காகவா" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும் என்று தோன்றியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டில் மாடிப்படி 30 இஞ்ச் கூட இருக்காது, நடுவில் ஒரு திருப்பம் வேறு. அப்பாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ரெச்சரை மேலே கொண்டுவர முடியவில்லை. மடக்கு நாற்காலியில் வைத்துக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து இறக்கினார்கள். அந்தத் திருப்பத்தில் அவர்கள் முழங்கை சுவரில் உரசியது, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார்கள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் போய் அப்பா கையைப் பிடிக்கக்கூட அந்தப் படியில் இடமில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார்.

அதற்கப்புறம் வீடு வாங்கப் போனபோதெல்லாம் முதலில் படிக்கட்டைத்தான் அளந்தேன். வயதான அப்பா அம்மா வந்து தங்கும் வீடு என்றால் அந்த ஒரு இஞ்சை விட்டுக்கொடுக்காதீர்கள் அண்ணா.

கரிசல் எழுதியது:

அக்கா, மன்னிக்கணும். இதை நான் யோசிக்கவே இல்லை. என் வீட்டுப் படியை இப்போது போய் அளந்தேன், 32 தான் இருக்கிறது. நானும் இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன்.

சிவில்2004 எழுதியது:

தச்சன்மகன் அண்ணன் பாதி வழி காட்டிவிட்டார். மீதி இரண்டு வழிகள் எனக்குத் தெரிகின்றன.

எதைச் செய்வதற்கும் முன்னால், அந்தத் துவைக்கும் அறைச் சுவர் பாரம் தாங்குகிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். மேல்தளத்தைத் தாங்கி ஓடும் ஜாய்ஸ்ட் கட்டைகள் அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கின்றனவா, அல்லது அதற்கு இணையாகவோ, வேறு பீமில் உட்கார்ந்தோ ஓடுகின்றனவா என்று பாருங்கள். புதிதாகப் போட்ட சுவர் என்பதால் பெரும்பாலும் பாரம் இருக்காது, ஆனால் கண்ணால் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பாரம் இல்லை என்றால் முதல் வழி: இரண்டுக்கு நாலு கட்டையை எடுத்துவிட்டு இரண்டுக்கு மூன்று கட்டையில் அதே சுவரைக் கட்டுங்கள். பாரம் தாங்காத உள்சுவருக்கு ஐ.ஆர்.சி. அதை அனுமதிக்கிறது, 24 இஞ்ச் இடைவெளி வரைக்கும். நாலு என்பது உண்மையில் 3½, மூன்று என்பது உண்மையில் 2½. ஆக ஒரு இஞ்ச் கிடைக்கும். பேனல் பக்கத்து முகம் அதே இடத்தில் நிற்கும், படிக்கட்டுப் பக்கம் 37 ஆகும், ட்ரைவால் போட்டால் 36. கணக்கில் சரியாக வரும், ஆனால் ஒரு மயிரிழை கூட மிச்சம் இருக்காது. வளைந்த கட்டை ஒன்று போதும், மறுபடி அதே சீட்டு எழுதிவிடுவார். இரண்டுக்கு நாலு கட்டையைப் படுக்கை வசமாக நிறுத்தி 1½ இஞ்ச் சுவர் கட்டவும் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் கைப்பிடி தாங்க வேண்டிய சுவருக்கு அவ்வளவு மெலிசாக நான் போக மாட்டேன்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. சுவரை முழு உயரத்துக்குக் கட்டாதீர்கள். படியின் சரிவோடு சரிவாக, மூக்குக் கோட்டிலிருந்து 36 இஞ்ச் உயரத்தில் வெட்டி, அரைச்சுவராக நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலே திறந்த வெளி, அந்தப் பக்கம் துவைக்கும் அறை. கைப்பிடி உயரத்துக்கு மேலே சுவரே இல்லாதபோது 36-க்குக் குறைய எதுவும் இல்லை. கீழே உங்களுக்கு 35 இருக்கிறது. சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறைந்தது 1½ இஞ்ச் விட வேண்டும், உருண்டைக் கைப்பிடி ஒன்று 1½ என்று வைத்தால் 3 போகும், 32 மிச்சம். தேவை 31½ தான்.

ஒரு எச்சரிக்கை. அரைச்சுவர் அப்போது விழாமல் காக்கும் தடுப்பும் ஆகிவிடுகிறது. அதன் உச்சியில் 200 பவுண்டு விசை எந்தப் பக்கம் தள்ளினாலும் தாங்க வேண்டும். வெறும் ஸ்டட்டை அடித்து நிறுத்தினால் ஆடும். இரண்டு முனையிலும் கான்கிரீட் தரையிலும் மேல் ஜாய்ஸ்டிலும் பிடித்த உறுதியான கம்பங்கள் வேண்டும், நடுவில் ஸ்ட்ரிங்கரோடும் சேர்த்து போல்ட் போடுங்கள். அந்த மேல் கம்பமும் படிக்குள் நீட்டிக்கொண்டு நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கம்பம் நிற்கும் அந்த ஒரு இடத்திலும் 36 வேண்டும்.

வடவர்ஜீனியா வாசி எழுதியது:

நேற்று ராத்திரி உங்கள் பதிலை இரண்டு முறை படித்துவிட்டு கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜாய்ஸ்டுகள் அந்தச் சுவருக்கு இணையாகத்தான் ஓடுகின்றன, சுவர் எதையும் தாங்கவில்லை. அரைச்சுவர் என்று கேட்டதுமே மனைவிக்கும் பிடித்துவிட்டது, கீழே இருட்டாக இருக்காது, அம்மா துணி போட்டுக்கொண்டிருந்தால் படியிலிருந்தே பார்க்கலாம்.

கையால் ஒரு படம் வரைந்து, எல்லா அளவையும் எழுதி, இன்ஸ்பெக்டருக்கும் வரைபடம் பார்க்கும் அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: ஒப்புக்கொள்ளலாம், திருத்திய வரைபடத்தை பெர்மிட்டோடு சேர்த்துவிடுங்கள் என்று. எழுத்தில் கிடைத்ததே பெரிய நிம்மதி.

அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தால் இடம் போதுமா?

தச்சன்மகன் எழுதியது:

போதும். 35-ல் ஒரு பக்கம் 3, இன்னொரு பக்கம் 3 போனால் 29. தேவை 27 தான். தயங்காமல் இரண்டு பக்கமும் வையுங்கள், இறங்கும்போது முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. கைப்பிடியின் முனைகளை அப்படியே நீட்டிவிடாமல் சுவரை நோக்கி மடக்கி முடிக்கச் சொல்லுங்கள். அதுவும் விதிதான். நம் வீட்டில் அது இன்னும் முக்கியம், புடவை முந்தானையும் துப்பட்டாவும் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில்தான் மாட்டும்.

படி உயரத்தை முடிவு செய்துவிட்டீர்களா? ஐ.ஆர்.சி. மூலத்தில் ஒரு படியின் உயரம் அதிகபட்சம் 7¾, மிதிக்கும் ஆழம் குறைந்தது 10. உங்கள் வர்ஜீனியாவும் எங்கள் பென்சில்வேனியாவும் அதைத் தளர்த்தி 8¼, 9 என்று வைத்திருக்கின்றன. இடம் மிச்சம் என்று கான்ட்ராக்டர் அந்தக் கடைசி எல்லைக்கே போவார். தரைக்குத் தரை உயரம் எவ்வளவு?

வடவர்ஜீனியா வாசி எழுதியது:

99 இஞ்ச். அவர் 12 ஏற்றம் போட்டிருக்கிறார், ஒவ்வொன்றும் 8¼.

தச்சன்மகன் எழுதியது:

நினைத்தேன். 12 ஏற்றத்துக்கு 11 மிதி, ஒவ்வொன்றும் 9, மொத்த ஓட்டம், அதாவது படிக்கட்டு தரையில் பிடிக்கும் நீளம், 99 இஞ்ச். அதையே 13 ஏற்றமாக்கினால் ஒரு படி 7⅝-க்கும் ஒரு துளி குறைவு, 12 மிதி பத்துப் பத்தாக, ஓட்டம் 120 இஞ்ச். 21 இஞ்ச் கூடுதலாக வேண்டும். கீழே அவ்வளவு தரை இருக்கிறதா, அப்புறம் ஓட்டம் நீளும்போது மேலே பீம் தலையில் இடிக்காமல் 6 அடி 8 இஞ்ச் கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் ஸ்ட்ரிங்கரை மாற்றி வெட்டச் சொல்லுங்கள், செலவு ஒரு நாள் கூலியும் கொஞ்சம் மரமும். அகலம் இன்ஸ்பெக்டருக்காகக் கிடைத்தது, இது உங்கள் அம்மாவுக்காக.

வடவர்ஜீனியா வாசி எழுதியது:

தரை இருக்கிறது. தலைக்கு மேலே மிகக் குறைவான இடத்தில் 81 இஞ்ச் வரும். இன்றே பேசிவிடுகிறேன்.

சிவில்2004 எழுதியது:

81 ட்ரைவாலோடா, இல்லாமலா?

வடவர்ஜீனியா வாசி எழுதியது:

இல்லாமல். அரை இஞ்ச் போனாலும் 80½. இந்த முறை கேட்பதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டேன்.

மாடிப்படி பற்றியும் சொல்லுங்கள். அந்த 33 இஞ்ச்? கார்பெட்டை எடுத்துவிட்டு ஓக் மரம் போடலாம் என்று இருக்கிறோம், இரண்டு பக்கச் சுவரிலும் பலகை அடிக்கலாம் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார்.

சிவில்2004 எழுதியது:

கட்டிய காலத்தில் முறையாகக் கட்டியதென்றால் அந்தப் படி அப்படியே இருக்கலாம். பிரித்துப் புதிதாகக் கட்டாதவரை அகலமாக்கு என்று பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய கட்டடத்தில் எந்த வேலை செய்தாலும் அது முன்னால் இருந்ததைவிட மோசமாகக் கூடாது. 33 இருப்பதில் முக்கால் முக்காலாகப் பலகை அடித்தால் 31½ ஆகிவிடும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பெயின்ட் போதும்.

தச்சன்மகன் எழுதியது:

ஓக் போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய படியின் மேலேயே முக்கால் இஞ்ச் பலகையை ஒட்டினால் நடுப்படிகள் எல்லாம் சேர்ந்தே உயரும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. முதல் ஏற்றம் மட்டும் முக்கால் இஞ்ச் கூடிவிடும், கடைசி ஏற்றம் முக்கால் குறைந்துவிடும், ஏனென்றால் கீழ்த்தரையும் மேல்தரையும் நகரவில்லை. மிக உயரமான ஏற்றத்துக்கும் மிகக் குட்டையான ஏற்றத்துக்கும் வித்தியாசம் ⅜ இஞ்சுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இங்கே 1½ ஆகிவிடுகிறது. கால் ஒரு தாளத்தில் பழகிவிடும், கடைசிப் படியில் அந்தத் தாளம் மாறினால் ஆள் விழுவார். பழைய மிதிபலகையைக் கழற்றிவிட்டு அதே கனத்தில் ஓக் போடுங்கள். பேஸ்மென்ட் தரையில் வினைல் பலகை போடப்போகிறீர்கள் என்றால் அந்தக் கனத்தையும் இப்போதே 99-ல் கழித்துக்கொண்டு ஏற்றத்தைப் பிரியுங்கள்.

மாமல்லன் எழுதியது:

இந்தியாவில் என்ன அளவு? சென்னையில் அப்பா வீட்டில் மாடி எடுக்கிறோம், மேஸ்திரி இரண்டரை அடி போதும் என்கிறார்.

சிவில்2004 எழுதியது:

தேசியக் கட்டட விதித்தொகுப்பில் குடியிருப்புக்கு 1 மீட்டர், அதாவது ஏறக்குறைய 3 அடி 3 இஞ்ச். இரண்டு மாடி வரிசை வீடுகளுக்கு மட்டும் 75 சென்டிமீட்டர் என்று ஒரு சலுகை உண்டு, மேஸ்திரியின் இரண்டரை அடி அதிலிருந்து வந்திருக்கலாம். தனி வீட்டுக்கு அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளூர் அனுமதிக்கு வரைபடம் போடும் பொறியாளரிடம் கேட்டு, பூச்சுக்குப் பிறகான அளவை வரைபடத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊரில் சிமென்ட் பூச்சும் கிரானைட்டும் ட்ரைவாலைவிட அதிகமாகத் தின்னும்.

வடவர்ஜீனியா வாசி எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

ஃப்ரேமிங் இரண்டாம் முறை பாஸ், நேற்று இறுதி இன்ஸ்பெக்‌ஷனும் பாஸ். 13 ஏற்றம், வினைல் கனத்தைக் கழித்தபின் ஒவ்வொன்றும் 7 9/16-க்குப் பக்கத்தில் வந்தது. இன்ஸ்பெக்டர் மேலேயும் நடுவிலும் கீழேயும் டேப் பிடித்தார், அரைச்சுவரைக் கையால் தள்ளிப் பார்த்தார், கைப்பிடி இரண்டையும் மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டே இறங்கினார். கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மாடிப்படிக்கு ஓக்கை பழைய பலகையைக் கழற்றிவிட்டே போட்டோம், சுவருக்கு வெள்ளைப் பெயின்ட் மட்டும்.

ராத்திரி வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். "இரண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டா துணிக்கூடையை எப்படிடா தூக்குறது" என்று கேட்டார். கூடையை நான் தூக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தச்சன்மகன் அண்ணன், சிவில் சார், நெல்லைப்பொண்ணு தங்கை, எல்லோருக்கும் நன்றி.